அரையாண்டு லீவுக்கு அக்கா குடும்பம் வருது: பாண்டி, கடலூர்ல மூணு நாள் என்ன காட்டலாம்?

மஞ்சக்குப்பத்தான் (இழை தொடங்கியவர்)
டிசம்பர் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ல இருந்து அக்கா, மாமா, ரெண்டு பசங்க, மாமாவோட அம்மா எல்லாரும் 26-ஆம் தேதி காலையில வந்து இறங்கறாங்க. மூணு நாள். பொண்ணு ஒம்பதாவது, பையன் மூணாவது. அத்தைக்கு 72 வயசு, முழங்கால் வலி. தேவாரம் நல்லா தெரிஞ்சவங்க, சுத்த சைவம். மாமா அதுக்கு நேர் எதிர். கடல்ல நீந்துறது எதுவா இருந்தாலும் அவருக்குப் பிடிக்கும், தட்டுல இருந்தா.

இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்திருக்காங்க. ரெண்டு தடவையும் பாண்டி பீச் ரோடு, மஞ்சச் சுவர் முன்னாடி போட்டோ, ஒரு ஐஸ்க்ரீம், திரும்பி வந்தாச்சு. போன தடவை கார்ல வரும்போது அத்தை கேட்டாங்க: "ஏஞ்சாமி, செவுத்தப் பாக்கறதுக்கா இத்தன தொலவு வந்தோம்?" என்கிட்ட பதில் இல்ல. கடலூர்லயே பொறந்து வளர்ந்தவன், நாலு இடம் கோர்வையா சொல்லத் தெரியல. உதவுங்க.

திண்ணைவீடு
டிசம்பர் 9, இரவு 10:15

முதல்ல ஒண்ணு. அந்தத் தேதியில பாண்டிக்குள்ள கார் எடுத்துட்டு வந்துடாதீங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சு புது வருஷம் வர்ற வரைக்கும் ஊர் எங்க கையில இருக்காது. மிஷன் வீதியில வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போயிடும். சாயங்காலம் ஆனா கடற்கரைச் சாலையில வண்டியே விட மாட்டாங்க. காலை ஆறு மணிக்கு வாங்க, பதினொரு மணிக்குள்ள கிளம்பிடுங்க.

அப்புறம் அத்தை கேட்டது நியாயம்தான், ஆனா குத்தம் சுவர் மேல இல்ல, காட்டுனவங்க மேல. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்க இருக்கற பிரெஞ்சுப் பகுதியை மட்டும் காட்டிட்டு "இதான் பாண்டி"ன்னா எப்படி? வாய்க்காலைத் தாண்டி மேற்க வாங்க. வைசியாள் வீதியில திண்ணை, தாழ்வாரம், நடுமுத்தம்னு தமிழ் வீடுங்க வரிசையா இருக்கு. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில பாரதி வாழ்ந்த வீடு இப்ப நினைவில்லம். 1908-லேர்ந்து 1918 வரைக்கும் பத்து வருஷம் இங்கதான் இருந்தாரு. பெருமாள் கோயில் வீதியில பாரதிதாசன் வீடு. ஆனந்தரங்கம் பிள்ளை மாளிகையும் பக்கத்துலதான். பிரெஞ்சுக்காரங்களுக்கு துபாசியா, அதாவது மொழிபெயர்ப்பு பார்க்கறவரா, இருந்துகிட்டு 1736-லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவரு. யார் வீட்டுக் கல்யாணம், கப்பல்ல என்ன சரக்கு, கவர்னர் யாரைத் திட்டினாரு, எல்லாம் அதுல இருக்கு. இந்த மூணு வீட்டுக்கும் நடந்தே போயிடலாம்.

கெடிலம்
டிசம்பர் 10, காலை 7:05

மஞ்சக்குப்பத்தில உக்காந்துகிட்டு பாண்டியைப் பத்தி இழையா? நல்லா இருக்குய்யா நியாயம். ஜெயகாந்தன் பொறந்தது உங்க மஞ்சக்குப்பம், 1934. புதுமைப்பித்தன் பொறந்தது திருப்பாதிரிப்புலியூர், 1906. பாரதியை 1918 நவம்பர்ல பாண்டி எல்லையைத் தாண்டினதும் புடிச்சு அடைச்சு வெச்சது கடலூர் ஜெயில்ல. பாண்டி பத்து வருஷம் வெச்சுகிட்டது, நாம இருபத்தி சொச்சம் நாள் வெச்சுகிட்டோம். சரி, அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லதான்.

தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை இருக்கு. மெட்ராஸை பிரெஞ்சுக்காரன் புடிச்சப்ப, 1746-லேர்ந்து 1752 வரைக்கும் இங்கிலீஷ்காரன் தெக்கத்தி ராஜ்ஜியத்தை இங்கேர்ந்துதான் நடத்துனான். கிளைவ் இங்க கவர்னரா இருந்திருக்கான். அதைக் காட்டுங்க.

மஞ்சக்குப்பத்தான்
டிசம்பர் 10, காலை 8:30

அண்ணே, கோட்டையில காட்ட என்ன இருக்கு? கெடிலம் ஆறு கடல்ல சேர்ற பக்கம் நாலு இடிஞ்ச சுவர், ஒரே முள்ளு. மறுபடியும் சுவரைக் காட்டினா அத்தை என்னை உயிரோட விட மாட்டாங்க.

கெடிலம்
டிசம்பர் 10, காலை 9:10

சுவரைக் காட்டாத. கதையைச் சொல்லு. 1690-ல இங்கிலீஷ்காரன் மராத்தியர்கிட்ட கோட்டையை விலைக்கு வாங்கறான். சுத்தி எவ்வளவு நிலம் சேரும்னு பேச்சு வந்தப்ப, கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எங்க விழுதோ அது வரைக்கும்னு முடிவு. நல்ல பீரங்கியா பார்த்து நாலு திசையிலயும் சுட்டான். விழுந்த இடத்துக்கு உள்ள இருக்கற ஊரெல்லாம் அவனோடது. 'குண்டு கிராமம்'னு பேரே வந்துடுச்சு. பத்திரப்பதிவு ஆபீஸ்ல நாம படற பாட்டைப் பார்த்தா அது எவ்வளவோ மேல்.

உன் மூணாவது படிக்கிற மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லிப் பாரு. சில்வர் பீச்ல நின்னு அந்தத் திசையைக் காட்டி சொன்னாலே போதும், முள்ளுக்குள்ள போக வேண்டாம்.

வைத்திக்குப்பம் பையன்
டிசம்பர் 10, மதியம் 1:20

பீச்சுன்னு பேச்சு வந்ததால சொல்றேன். டிசம்பர்ல கடல் நல்லா இல்ல. மேல பார்க்க அமைதியா இருக்கும், கால் வெச்சா கீழ இழுக்கும். வருஷா வருஷம் இந்த லீவுல வெளியூர்ப் பசங்க போய்ச் சேர்றாங்க, தேடிப் புடிச்சு கரைக்குக் கொண்டு வர்றது எங்க ஆளுங்கதான். சில்வர் பீச்சோ, பாரடைஸ் பீச்சோ, ஆரோ பீச்சோ, கணுக்கால் வரைக்கும்தான். மாமா நீச்சல் தெரியும்னு சொல்வாரு. கிணத்து நீச்சல் கடலுக்கு ஆவாது.

பாண்டி பீச்ல ஏன் மணலுக்குப் பதிலா கருங்கல்லா கெடக்குன்னு பசங்க கேப்பாங்க. நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பாலும் தெக்கேர்ந்து வடக்க நகரும். அரியாங்குப்பம் ஆத்து முகத்துல துறைமுகத்துக்கு கல்லைக் கொட்டி அலைதடுப்பு கட்டினதும் மணல் அங்கயே நின்னு போச்சு. வடக்க இருந்த பாண்டி கரையை கடல் தின்னுடுச்சு. எங்க தாத்தா காலத்துல கட்டுமரம் இழுத்துப் போட்ட மணலை நான் பார்த்ததே இல்ல. இப்ப தலைமைச் செயலகம் முன்னாடி தண்ணிக்கு அடியில செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கு. ஊர் ஆளுங்க அதைத்தான் போய்ப் பார்க்கறாங்க, காந்தி சிலையை இல்ல.

லாஸ்பேட்டைக்காரி
டிசம்பர் 10, இரவு 8:45

ஒம்பதாவது படிக்கிற பொண்ணுக்கு அரிக்கமேடு, ரோமோட வணிகம் நடந்த பழைய துறைமுகம். சமூக அறிவியல்ல வந்திருக்கும்.

முன்கூட்டியே சொல்லிடறேன், அங்க போய் நின்னா ஒரு மாந்தோப்பு, ஆறு, பிரெஞ்சுக் காலத்து மிஷன் வீட்டோட இடிஞ்ச தூண். அவ்வளவுதான். அதனால நேரா அங்க போகாதீங்க. முதல்ல பாண்டி அருங்காட்சியகம், திங்கக்கிழமை லீவு. அங்க ரோமானிய மதுஜாடி உடைஞ்ச துண்டு, மணிங்க எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கும். மதுஜாடின்னா அடி கூம்பா, ரெண்டு கைப்பிடியோட. இத்தாலிப் பக்கத்துலேர்ந்து ஒயின் ஏத்திட்டு வந்தது. அதைப் பார்த்த கண்ணோட அரிக்கமேடு போனா, கால் கீழ கெடக்கற ஓட்டாஞ்சில்லு ஒவ்வொண்ணும் கண்ணுல படும். எடுத்துட்டு வரக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லி வெச்சிடுங்க, தொல்லியல் துறை இடம்.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர்ப் பிள்ளைங்க மழை பெஞ்சதும் மண்ணுல மினுக்கற மணியைப் பொறுக்கி விளையாடிட்டு இருந்திருக்காங்க. அது ழூவோ துப்ரெய்ங்கற பிரெஞ்சு அறிஞர் கண்ணுல படுது. அதுல ஒரு கல்லுல ஒரு தலை செதுக்கியிருக்கு, அகஸ்டஸ் சீசர்னு அவர் சொல்றாரு. பிறகு 1945-ல மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டி, இத்தாலியில செஞ்ச மட்பாண்டத்தை வெச்சு காலத்தைக் கணிச்சாரு. தென்னிந்தியத் தொல்லியல்ல பல இடத்துக்கு அதுதான் பிறகு அளவுகோலா ஆச்சு.

நான் டீச்சர். ரெண்டு வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். முதல் வருஷம் அருங்காட்சியகம் பார்க்காம நேரா அரிக்கமேடு போனோம். "மிஸ், ரோம் எங்க மிஸ்?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

புதுசு007
டிசம்பர் 10, இரவு 9:02

பாண்டினாலே மாமாக்கு வேற இடம்தானே காட்டணும்

திண்ணைவீடு
டிசம்பர் 10, இரவு 9:11

வந்துட்டாரு. எங்க ஊர்ல குடிக்கறதைத் தவிர வேற எதுவும் இல்லன்னு நினைக்கறவங்க நேரா எல்லையில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல இறங்கி பையைத் திறந்து காட்டிட்டு வீட்டுக்குப் போங்க.

நான் அத்தைக்கு ஒரு இடம் சொல்லணும்னு வந்தேன். பாரதி பூங்கா நடுவுல வெள்ளையா ஆயி மண்டபம் இருக்கே, எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, யாருக்கும் கதை தெரியாது. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் போகையில விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து கோயில்னு நினைச்சுக் கும்பிட்டாராம். பக்கத்துல போனா ஆயிங்கற தாசியோட வீடு. கோவத்துல இடிக்கச் சொல்லிட்டாரு. அந்தம்மா "நானே இடிச்சுக்கறேன்"னு கேட்டு வாங்கி, வீட்டை இடிச்ச இடத்துல ஊருக்குக் குளம் வெட்டிட்டாங்க. ரொம்பக் காலம் கழிச்சு பிரெஞ்சுக்காரன் முத்திரப்பாளையத்துலேர்ந்து டவுனுக்குத் தண்ணி கொண்டு வந்தப்ப, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில, அந்தம்மா நினைவா கட்டின மண்டபம் இது. எதிர்லேயே கவர்னர் மாளிகை. யாருக்கு மண்டபம், யாருக்கு மாளிகைன்னு பார்த்துக்குங்க.

முந்திரிக்கொல்லை
டிசம்பர் 11, காலை 6:50

பண்ருட்டிப் பக்கம் வர்றதா இருந்தா திருவதிகை. அப்பருக்கு சூலை நோய், அதான் தீராத வயித்து வலி, தீர்ந்த இடம், அக்கா திலகவதியார் இருந்த ஊர். தேவாரம் தெரிஞ்ச அத்தைக்கு இதைவிட வேற இடம் வேணுமா? பலாப்பழம் கேக்காதீங்க, இப்ப சீசன் இல்ல, சித்திரை வைகாசிக்கு வாங்க. முந்திரி எப்பவும் கிடைக்கும். முழுப் பருப்பு விலையில உடைஞ்சதைக் கலந்து தருவாங்க, பையைக் கொட்டிப் பார்த்து வாங்குங்க.

முந்திரின்னதும் ஞாபகம் வருது. 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க கொல்லையில ஒரு மரம் நிக்கல. அப்பா கையால வெச்ச பலா ரெண்டு வேரோட போச்சு. வெளியூர்க்காரங்க "பசுமையா இருக்கே"ங்கறாங்க. எல்லாம் அதுக்கப்புறம் வெச்ச மரம்தான்.

வெள்ளாறு
டிசம்பர் 11, இரவு 11:30

நான் இருபது வருஷமா கடலூர், சிதம்பரம் ரூட்ல டாக்ஸி ஓட்டறேன். நீங்க எல்லாரும் இடத்தைச் சொல்றீங்க, நேரத்தை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. வர்றவங்க பத்துல எட்டு பேர் செய்யற தப்பு ஒண்ணுதான். காலையில மெதுவா டிபன் சாப்ட்டு ஒம்பதரைக்குக் கிளம்புவாங்க. சிதம்பரம் போய் வண்டி நிறுத்தி, பூ வாங்கி, செருப்பு விட்டு உள்ள போனா பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க. சாயங்காலம்தான் திறப்பாங்க. சரின்னு உச்சி வெயில்ல பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போவாங்க. படகுக்கு வரிசை, தலையில வெயில், தண்ணியில கண் கூசும், பறவை ஒண்ணு இருக்காது. வீட்டுக்குப் போய் "ஒண்ணுமே இல்ல"ம்பாங்க.

மாத்திப் போடுங்க. கடலூர்ல அஞ்சரை ஆறுக்குக் கிளம்புங்க. முதல்ல கிள்ளை போய் பிச்சாவரம். படகு எடுக்க ஆரம்பிச்ச உடனே ஏறிடுங்க. பத்து மணிக்குள்ள முடிச்சு பதினொண்ணுக்கு முன்னாடி சிதம்பரம். நடராஜரைப் பார்த்துட்டு அதே கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாளையும் பார்த்திடலாம், ஒரே இடத்துல நின்னா ரெண்டு பேரும் தெரிவாங்க. பொன்னம்பலத்து ஓடு 21,600, நம்ம ஒரு நாளைக்கு விடற மூச்சுக் கணக்குன்னு தீட்சிதர்ங்க சொல்வாங்க. கோபுர வாசல்ல உள்பக்கச் சுவரைப் பார்க்காம போயிடாதீங்க, 108 கரணமும், அதான் நாட்டிய நிலை, கல்லுல ஆடிகிட்டு நிக்கும். அத்தைக்குக் கோயிலுக்குள்ள நடை அதிகம், மெதுவா கூட்டிட்டுப் போங்க. மதியச் சாப்பாட்டுக்கு சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு கேளுங்க. பிறகு புவனகிரி வழியா வடலூர், வள்ளலார் சபை. பொழுது சாயறதுக்குள்ள கடலூர் திரும்பிடலாம்.

ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. மார்கழித் திருவாதிரை எந்தத் தேதியில விழுதுன்னு காலண்டரைப் பாருங்க. தேரும் தரிசனமும் இருக்கற ரெண்டு நாள் சிதம்பரத்துல கால் வைக்க முடியாது. நான் அன்னிக்கு சவாரியே எடுக்க மாட்டேன்.

பரங்கிப்பேட்டை மாலுமி
டிசம்பர் 12, காலை 10:00

பிச்சாவரத்துல மோட்டார் படகு வேண்டாம். பெரிய வாய்க்கால்ல ஒரு சுத்து சுத்தி இறக்கி விட்டுடுவாங்க, சத்தத்துல கொக்கு நாரை எல்லாம் எழுந்து பறந்துடும். துடுப்புப் படகு எடுங்க. அதுதான் சுரபுன்னை வேருக்கு நடுவுல சந்துக்குள்ள போகும். ரெண்டு பக்கமும் மரம் வளைஞ்சு தலைக்கு மேல கூரை மாதிரி வந்துடும். வேர் மேலேர்ந்து கால் மாதிரி இறங்கி சேத்துல ஊனியிருக்கும். துடுப்பு போடறவர்கிட்ட தில்லை மரம் எதுன்னு காட்டச் சொல்லுங்க. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது அந்த மரத்தாலதான், கோயில் பக்கத்துல இப்ப காடு இல்ல, இங்கதான் இருக்கு. இலையைக் கிள்ளாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

2004 சுனாமியில இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த குப்பங்களுக்கு அடி குறைச்சல். அலை முதல்ல மரத்துல மோதி வேகம் அடங்கித்தான் உள்ள வந்தது. எங்க பக்கம் திறந்த கரை, காடு இல்ல. அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்
டிசம்பர் 12, மதியம் 2:15

இதெல்லாம் எனக்கே புதுசு. ஆரோவில் வேண்டாமா? பொண்ணு அந்தத் தங்க உருண்டையைக் கேக்கறா.

லாஸ்பேட்டைக்காரி
டிசம்பர் 12, மாலை 5:30

மாத்ரி மந்திர் உள்ள போய் உக்காரணும்னா முன்கூட்டியே பதிவு செய்யணும், இந்த சீசன்ல இப்ப கிடைக்காது. வெளியிலேர்ந்து பார்க்கற மேட்டுக்கு இலவசம், ஆனா பார்வையாளர் மையத்துலேர்ந்து ஒரு கிலோமீட்டர் நடை. அத்தை முழங்காலை நினைச்சுக்குங்க. மூணு நாள்ல இதையும் திணிச்சா எதுவும் உருப்படியா பார்த்த மாதிரி இருக்காது. அடுத்த தடவைக்கு விடுங்க. இன்னொண்ணு, ஆரோவில் பாண்டியில இருக்குன்னு பொண்ணு பரீட்சையில எழுதிடப் போறா, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம்.

கெடிலம்
டிசம்பர் 12, மாலை 6:10

நீங்க ஆளாளுக்கு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போறீங்க. பய வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கறதை விட்டுட்டீங்க. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில், அப்புறம் கரையேறவிட்டகுப்பம். மகேந்திரவர்மன் அப்பரைக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டான், கல் மிதந்து கரை சேர்ந்தது இங்கன்னு ஐதீகம். ஊர்ப் பேரே அதான். தினம் பஸ் போர்டுல படிக்கறோம், யோசிக்கறதே இல்ல. கடல் இப்ப அங்கேர்ந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கு பாரு.

நண்டுக்குழம்பு
டிசம்பர் 12, இரவு 9:55

மாமாவை யாரும் கவனிக்கல. காலையில முதுநகர் துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, ஏலம் முடியறதுக்குள்ள. நண்டு, சங்கரா, கிழங்கான், யோகம் இருந்தா கொடுவா. வாங்கிட்டு வந்து வீட்டுல வடகம் போட்டுத் தாளிங்க. ஓட்டல்ல வேண்டாம். போன வருஷம் பாண்டியில ஒரு கடையில 'பிரெஞ்சு மசாலா'ன்னு மீன் மேல தூவிக் கொடுத்தாங்க, வாயில வெச்சா எங்க ஆயா கோடை வெயில்ல உருட்டிக் காயவெச்ச அதே வெங்காய வடகம். பிரான்ஸ்ல 'வதுவான்'னு பேர் வெச்சு விக்கறாங்களாம். நம்ம வடகத்துக்கு நம்மகிட்டயே ஐநூறு ரூவா.

மஞ்சக்குப்பத்தான்
டிசம்பர் 29, இரவு 10:20

ஊருக்கு வண்டி ஏத்தி விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். யாராரு சொன்னது எது பலிச்சது, எது பலிக்கலன்னு எழுதிடறேன், கடன் தீரட்டும்.

முதல் நாள் காலையில நானும் மாமாவும் முதுநகர். நண்டு வாங்கினோம், தேவைக்கு மேலயே. மாமா ஏலத்துல வாயைத் திறந்து விலையை ஏத்தி விட்டுட்டாரு, அதைத் தனியா எழுதணும். சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயில். வெளிய வந்து கரையேறவிட்டகுப்பம் பக்கம் வண்டியைத் திருப்பினேன். நான் ஒண்ணும் சொல்லல. அத்தை ஜன்னல் வழியா ஊர்ப் பேர் பலகையைப் படிச்சாங்க. "நிறுத்து சாமி"ன்னாங்க. இறங்கி, ரோட்டோரம் செருப்பைக் கழட்டிட்டு, 'சொற்றுணை வேதியன்' முழுப் பதிகமும் பாடினாங்க. பின்னாடி ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சிட்டு இருந்தவர் நிறுத்திட்டாரு. நான் இந்த ஊரு வழியா பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போனவன்.

இருட்டறதுக்குள்ள சில்வர் பீச். கோட்டைக் கதையைச் சொன்னேன். பையன் உடனே கேட்டான், "அப்ப மாமா, நம்ம வீடும் குண்டுக்குள்ளயா இருக்கு?" கெடிலம் அண்ணன்தான் பதில் சொல்லணும். வைத்திக்குப்பம் தம்பி, மாமாவைத் தண்ணியில இறங்க விடல, கையைப் புடிச்சுகிட்டேதான் நின்னேன்.

ரெண்டாம் நாள் வெள்ளாறு அண்ணன் சொன்ன மாதிரியேதான். ஆறுக்குக் கிளம்பறதா இருந்து, ஆறே முக்கால் ஆச்சு (அக்கா). அந்த முக்கால் மணிக்கே பிச்சாவரத்துல எங்களுக்கு முன்னாடி நல்ல வரிசை. அத்தை கரையில உக்காந்துக்கறேன்னு சொன்னவங்க, லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் "இத மாட்டினா முழுகாதில்ல?"ன்னு கேட்டு புடவை மேலயே மாட்டிகிட்டு ஏறிட்டாங்க. சந்துக்குள்ள போனதும் யாரும் பேசல. துடுப்பு சத்தம் மட்டும்தான். தில்லை மரத்தை அவர் காட்டினாரு. அத்தை ரெண்டு கையும் கூப்பினாங்க. மரத்தைக் கும்பிடறாங்களா, கோயிலையான்னு கேக்கல.

சிதம்பரத்துல பதினொண்ணேகாலுக்கு நுழைஞ்சோம். தரிசனம் ஆச்சு, ஆனா 108 கரணத்தை ஓட்டமா பார்த்தோம். பொண்ணு பரதம் கத்துக்கறா, ஒவ்வொண்ணா நின்னு பார்க்கணும்னு அழுகை. அதுக்குத் தனியா ஒரு நாள் வரணும். கொத்சு பிரமாதம்.

வடலூர்தான் சொல்ல வேண்டியது. சத்திய ஞான சபை வாசல்ல எழுதியிருக்கு இல்லையா, புலை கொலை தவிர்த்தோர் மட்டுமே உள்ள வரணும்னு. பையன் எழுத்துக் கூட்டி சத்தமா படிச்சான். புலைன்னா என்னன்னு கேட்டான். கறி மீன் திங்கறதுன்னு அத்தை சொன்னாங்க. அவன் மாமாவைப் பார்த்து, "அப்பா, நாம நேத்து நண்டு சாப்ட்டோமே?" சுத்தி நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மாமா ஒண்ணும் பேசாம ரெண்டடி பின்னாடி நகர்ந்துகிட்டாரு. நானும். அக்காவும் பசங்களும் எங்க கூட நின்னுட்டாங்க. அத்தை மட்டும் தனியா உள்ள போயிட்டு வந்தாங்க. அப்புறம் வள்ளலார் அன்னதானத்துக்கு வெச்ச தருமசாலையில எல்லாரும் வரிசையில உக்காந்து சாப்ட்டோம், அங்க அப்படி யாரையும் பிரிக்கறது இல்ல. 1867-ல பத்த வெச்ச அடுப்பு இன்னும் அணையலன்னு சொன்னதும் மாமா எழுந்து போய் அடுப்பையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னாரு.

மூணாம் நாள் பாண்டி. கார் எடுக்கல, கடலூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து முதல் பஸ்ஸுங்கள்ல ஒண்ணைப் புடிச்சோம். திண்ணைவீடு சொன்ன வீதிங்கள்ல நடந்தோம். காலை நேரத்துல கோலம் போட்டுட்டு இருந்த ஒரு அம்மா அத்தையைக் கூப்பிட்டு திண்ணையில உக்கார வெச்சு காபி கொடுத்தாங்க. ஆயி மண்டபத்துக் கதை அத்தைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ராஜாவைக் கொஞ்சம் திட்டினாங்க. அருங்காட்சியகம் திறக்கற நேரத்துக்கு நாங்க களைச்சுட்டோம், ஆனாலும் ஜாடியைப் பார்த்துட்டோம். அரிக்கமேடு பலிக்கல. திரும்பும்போது அரியாங்குப்பத்துல இறங்கி ஆட்டோ கேட்டா, சொன்ன காசைக் கேட்டு மாமா வந்த பஸ்லயே ஏறிட்டாரு. டீச்சரம்மா மன்னிக்கணும்.

திருவதிகை, ஆரோவில் ரெண்டும் பார்க்கல.

லாஸ்பேட்டைக்காரி
டிசம்பர் 30, காலை 7:15

மன்னிச்சாச்சு. கரணத்துக்காக அழுத பொண்ணுக்கு அரிக்கமேடு கடன் இருக்கட்டும்.

கெடிலம்
டிசம்பர் 30, காலை 7:40

மஞ்சக்குப்பம் கோட்டையிலேர்ந்து ரொம்ப தூரம் இல்ல. குண்டுக்குள்ளதான் இருக்கும்னு மாப்பிள்ளைகிட்ட தைரியமா சொல்லு.

முந்திரிக்கொல்லை
டிசம்பர் 30, காலை 8:05

அத்தையைத் திருவதிகைக்குக் கூட்டிட்டு வராம அனுப்பிட்டீங்களே. சித்திரையில வரச் சொல்லுங்க, பழமும் இருக்கும்.

புதுசு007
டிசம்பர் 30, காலை 11:30

அண்ணே நாங்க பொங்கலுக்கு வர்றோம், ரெண்டு நாள், பாண்டி காரைக்கால் ரெண்டும் சேர்த்து பாத்துடலாமா? ரெண்டும் ஒரே ஸ்டேட் தானே

வெள்ளாறு
டிசம்பர் 30, மதியம் 12:10

நடுவுல 130 கிலோமீட்டர் தமிழ்நாடு இருக்கு தம்பி. தனி இழை போடு, எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன்னு முதல் வரியில எழுது.